எச்சில் அடித்துச் செல்லாத மருந்து

வாய்ப்புண்ணுக்கு ஜெல் தடவிக்கொண்டு ஐந்து நிமிடம் கழித்து நாக்கால் தொட்டுப் பாருங்கள். புண் அங்கேயே இருக்கும், மருந்து போயிருக்கும். கொஞ்சம் நாக்கில் கரைந்திருக்கும், மீதி தொண்டைக்குள் இறங்கியிருக்கும். ஈறு வீங்கியவர்கள் மருந்துக் கரைசலால் வாய் கொப்பளிப்பதும் ஏறக்குறைய இதே கதைதான். அரை நிமிடம் வாய்க்குள் சுழன்ற மருந்து வாஷ்பேசினில் போய்விடுகிறது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையே, நோய் உண்மையில் குடியிருக்கும் ஆழத்துக்கு அது இறங்குவதே இல்லை.

வாயில் வரும் அழற்சிகளுக்கு மருந்துப் பஞ்சம் கிடையாது. கிருமிகளைக் கொல்ல டெட்ராசைக்ளின், குளோர்ஹெக்சிடின், மெட்ரோனிடசோல் எனப் பல உண்டு. வீக்கத்தையும் எரிச்சலையும் அடக்க ஸ்டீராய்டுகள் உண்டு. இவற்றில் பலவும் அரை நூற்றாண்டாக மருத்துவர்கள் அறிந்தவை. குறைவாக இருந்தது ஒன்றுதான்: அந்த மருந்தைச் சரியான இடத்தில், போதுமான நேரம் பிடித்து வைத்திருக்கும் பொருள். உடலுக்கு ஊறு செய்யாத, வேலை முடிந்ததும் கரைந்துபோகக்கூடிய அந்தப் பொருளைத் தேடிய ஆய்வுதான் பல் மருத்துவத்துக்குச் சில்லு, இழை, ஒட்டுப்பட்டை, நுண்ணுருண்டை என்று புதிய கருவிகளைத் தந்திருக்கிறது. மருந்தைச் சுமக்கும் இப்பொருட்களை உயிரிப்பொருட்கள் என்கிறோம்.

வாய்க்குள் ஏன் மருந்து தங்குவதில்லை?

ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. ஆனால் எந்த ஒரு கணத்திலும் வாய்க்குள் இருப்பது சுமார் ஒரு மில்லிலிட்டர்தான். பல், ஈறு, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றின்மேல் அது பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத படலமாகப் படர்ந்து, ஓயாமல் நகர்ந்து, விழுங்கப்பட்டு, புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கிறது. உணவுத் துணுக்குகளை அகற்றுவதும் அமிலத்தைத் தணிப்பதும் கிருமிகளைத் தடுப்பதும் இந்த ஓட்டத்தின் பணி. நம்மைக் காக்கும் அதே ஓட்டம் மருந்தையும் அந்நியப் பொருளாகவே நடத்தி வெளியேற்றிவிடுகிறது. போதாக்குறைக்குப் பேச்சு, மெல்லல், நாக்கின் உரசல் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

அப்படியானால் மாத்திரையாக விழுங்கினால் என்ன? விழுங்கலாம். ஆனால் நாலைந்து பற்களைச் சுற்றியுள்ள ஈறுக்காக முழு உடலின் ரத்தத்தையும் மருந்தால் நிரப்ப வேண்டியிருக்கும். குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களும் அடிவாங்கும். மருந்துக்குப் பழகிப்போன கிருமிகள் பெருகும் அபாயமும் கூடும். இவ்வளவுக்குப் பிறகும் ஈறு வழியே கசியும் மருந்தின் அளவு சொற்பம். நோய்க் கிருமிகளோ பல் வேரின்மேல் பிசுபிசுப்பான உயிர்ப்படலமாக ஒட்டிக்கொண்டு, தனித்து மிதக்கும் கிருமிகளைவிடப் பல மடங்கு மருந்தைத் தாங்கி நிற்கின்றன.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே

இந்தச் சிக்கல் மிகத் தெளிவாகத் தெரிவது ஈறு நோயில்தான். ஆரோக்கியமான பல்லைச் சுற்றி, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் ஆழமுள்ள மெல்லிய இடுக்கு இருக்கும். சரியாகத் துலக்காத இடங்களில் கிருமிப் படலம் படியும். நாளடைவில் அது கல்லாக இறுகிக் காரையாகும். ஈறு சிவந்து, தொட்டால் ரத்தம் கசியும். இது முதல் நிலை. இந்த நிலையில் சுத்தம் செய்துவிட்டால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விட்டுவிட்டால் அழற்சி கீழே இறங்கி, பல்லைத் தாடை எலும்போடு கட்டியிருக்கும் நார்களை அரித்து, எலும்பையும் கரைக்கத் தொடங்கும். இடுக்கு ஆழமாகிப் பையாக மாறும். பல் டாக்டர் மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பியை ஈறோரம் இறக்கி, "அஞ்சு, ஆறு, நாலு" என்று உதவியாளரிடம் சொல்வது இந்தப் பையின் ஆழத்தைத்தான். பல் மருத்துவமனைகளில் இதைப் ‘பாக்கெட்’ என்பார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட வாய்நல அறிக்கை, உலகில் 100 கோடிக்கும் அதிகமானோருக்குக் கடுமையான ஈறு நோய் இருப்பதாக மதிப்பிடுகிறது. வயதானவர்கள் பல்லை இழப்பதற்கு இது முக்கியக் காரணம்.

பையின் அடியில் கிருமிகள் நிம்மதியாக இருக்கின்றன. பல் துலக்கும் பிரஷ்ஷின் நார் அங்கே எட்டாது, கொப்பளிக்கும் நீரும் இறங்காது. ஊசிமுனை வழியாக மருந்தைச் செலுத்தலாமே என்று தோன்றும். அங்கேயும் ஒரு தடை. அழற்சியுற்ற ஈறிலிருந்து நீர் கசிந்து பையை நிரப்பி வெளியே வழிந்தபடி இருக்கிறது. ஐந்து மில்லிமீட்டர் ஆழமுள்ள பையில் இந்த நீர் ஒரு மணி நேரத்தில் சுமார் 40 முறை முழுவதுமாக மாறிவிடுகிறது. உள்ளே செலுத்திய கரைசலில் பாதி ஒரு நிமிடத்திலேயே வெளியேறிவிடும். ஓடும் வாய்க்காலில் உரத்தைக் கொட்டினால் பயிருக்கு எவ்வளவு சேருமோ, அவ்வளவுதான் ஈறுக்கும் சேரும்.

ஆகவே பைக்குள் போகும் மருந்து ஒரே தடவையில் கரைந்துவிடக் கூடாது. கசியும் நீரோடு போட்டியிட்டுக்கொண்டு, ஒவ்வொரு நிமிடமும் புதிதாகச் சுரந்தபடி நாள்கணக்கில் உள்ளேயே இருக்க வேண்டும்.

இழை, சில்லு, கூழ், உருண்டை

இந்த யோசனைக்கு முதலில் உருவம் கொடுத்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபார்சைத் ஆய்வு மையத்தில் பணியாற்றிய மேக்ஸ் குட்சன். 1979ல் அவரும் சகாக்களும் செல்லுலோஸ் அசிடேட்டால் ஆன உட்குழிவான நுண்ணிழைகளில் டெட்ராசைக்ளினை நிரப்பி, ஈறுப் பைக்குள் செருகிப் பார்த்தார்கள். மிகச் சிறிய அளவு மருந்தாலேயே பையிலிருந்த கிருமிகள் சரசரவெனக் குறைந்தன. ஆனால் உட்குழிவான இழை மருந்தை வேகமாகக் கொட்டிவிட்டது. எனவே மருந்தையும் பாலிமரையும் ஒன்றாகக் கலந்து இழையாக இழுத்தார்கள். இதுதான் 1994ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘ஆக்டிசைட்’. எத்திலீன் வினைல் அசிடேட் என்ற பாலிமரால் ஆன, 23 சென்டிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் தடிமனும் உள்ள இழை அது. அதில் இருந்த டெட்ராசைக்ளின் 12.7 மில்லிகிராம் மட்டுமே.

அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்தால் ஒரு நாளைக்கு வழக்கமாக ஒரு கிராம் வரை கொடுப்பார்கள். அப்போதும் ஈறு நீரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான் தேறும். இழையோ பத்து நாட்களுக்கு அங்கே ஆயிரம் மைக்ரோகிராமுக்கும் மேலான செறிவைத் தக்கவைத்தது. உடலுக்குள் போகும் மருந்து பல நூறு மடங்கு குறைகிறது, நோயுள்ள இடத்தில் கிடைப்பதோ நூறு மடங்குக்கும் மேல் கூடுகிறது. மருந்து மாறவில்லை, அதைச் சுமக்கும் பொருள் மட்டுமே மாறியது.

இழையிலும் தொல்லைகள் இருந்தன. டாக்டர் அதைப் பல்லைச் சுற்றி மடித்து மடித்துப் பைக்குள் அடுக்கி, நழுவாமலிருக்க ஈறோரம் பசை போட்டு ஒட்ட வேண்டும். அந்தப் பாலிமர் உடலில் கரையாது. பத்து நாள் கழித்து நோயாளி மறுபடி வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். அடுத்து வந்தவர்கள் எல்லோரும் தானாகவே கரையும் பொருளைத் தேடியதற்கு இதுவே காரணம்.

ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்விலிருந்து வந்தது ‘பீரியோசிப்’ என்ற சில்லு. 1998ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜெலட்டினைக் குறுக்கிணைப்புகளால் இறுக்கி, அதற்குள் 2.5 மில்லிகிராம் குளோர்ஹெக்சிடினைப் பொதிந்திருக்கிறார்கள். நீளம் ஐந்து மில்லிமீட்டர், அகலம் நான்கு, தடிமன் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். ஒரு முனை வளைவாக வெட்டப்பட்டிருக்கும். டாக்டர் முதலில் பல்லைச் சுற்றியுள்ள ஈரத்தைத் துடைத்துக் காயவைப்பார். இடுக்கியால் சில்லின் நேரான முனையைப் பிடித்து, வளைந்த முனை கீழே இருக்கும்படி பைக்குள் ஒரே மூச்சில் அடிவரை தள்ளுவார். தயங்கினால் சில்லு ஈரத்தில் நனைந்து துவண்டுவிடும். நனைந்தபின் அதுவே பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒட்டிக்கொள்ளும். முதல் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 40 சதவீத மருந்து வெளியேறும். மீதி, ஜெலட்டின் சிதையச் சிதைய ஏழு முதல் பத்து நாட்களில் வெளியேறும். திருப்பி எடுக்க எதுவும் மிஞ்சாது. அந்த இடத்தில் பத்து நாட்களுக்குப் பல்லிடுக்கு நூலைப் போடாதீர்கள் என்று சொல்லி அனுப்புவார்கள்.

அதே 1998ல் வந்த ‘ஆட்ரிடாக்ஸ்’ இன்னொரு வழியைப் பிடித்தது. பையின் வடிவம் ஆளுக்கு ஆள், பல்லுக்குப் பல் மாறுபடும். ஒரே அளவுச் சில்லு எல்லா மூலைக்கும் எட்டாது. அதனால் திரவமாக உள்ளே போய், போன இடத்தில் கெட்டியாகும் பொருள் வேண்டும். பாலிலாக்டிக் அமிலம் என்ற பாலிமரை ஒரு கரைப்பானில் கரைத்து ஒரு சிரிஞ்சில் வைத்திருப்பார்கள். இன்னொரு சிரிஞ்சில் டாக்சிசைக்ளின் தூள் இருக்கும். டாக்டர் இரண்டையும் வாயோடு வாய் பூட்டி, இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாக நூறு தடவை தள்ளிக் கலப்பார். பிறகு மழுங்கிய ஊசி வழியே பைக்குள் நிரப்புவார். ஈறு நீர் பட்டதும் கரைப்பான் அந்த நீரோடு விலகிப் போய்விட, பாலிமர் இறுகிப் பையின் உட்புற வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். மருந்தை வெளியேற்றிவிட வந்த நீரே மருந்துக்குக் கூடு கட்டித் தருகிறது. இதே நுட்பம் பின்னர் புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தோலுக்கடியில் போடும் நீண்டநாள் ஊசிமருந்து ஒன்றிலும் பயன்பட்டது.

2001ல் வந்த ‘அரெஸ்டின்’, கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்ணுருண்டைகளின் பொடி. ஒரு பைக்கு ஒரு மில்லிகிராம் மினோசைக்ளின். உருண்டைகளைக் கட்டியிருப்பது பி.எல்.ஜி.ஏ. எனப்படும் பாலிமர். லாக்டிக் அமிலமும் கிளைகோலிக் அமிலமும் கலந்து கோத்த சங்கிலி இது. அறுவை சிகிச்சையில் தானாகக் கரையும் தையல் நூலாக 1970களிலிருந்து மருத்துவத்துக்கு அறிமுகமானது. தண்ணீர் பட்டுச் சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாக அறுபடும். உருண்டையில் துளைகள் விழுந்து மருந்து கசியும். கடைசியில் மிஞ்சும் அமிலங்களை உடல் தன் வழக்கமான வளர்சிதை மாற்றத்தில் சேர்த்து முடித்துவிடும். இரண்டு அமிலங்களின் விகிதத்தை மாற்றினால் சிதையும் வேகம் மாறும். சில வாரங்களா பல மாதங்களா என்பதை ஆய்வகத்திலேயே முடிவு செய்யலாம்.

இந்த வரிசையில் நம் ஊரிலிருந்தும் ஒரு பெயர் உண்டு. சென்னை நிறுவனமொன்றின் ‘பீரியோடான்டல் பிளஸ் ஏபி’ என்ற தயாரிப்பில் 25 மில்லிகிராம் கொலாஜன் நார்களில் ஏறத்தாழ இரண்டு மில்லிகிராம் டெட்ராசைக்ளின் ஊறியிருக்கிறது. நம் ஈறையே கட்டியிருக்கும் புரதம் கொலாஜன்தான் என்பதால் இது பைக்குள்ளேயே கரைந்துவிடும். இந்தியாவின் பல் மருத்துவக் கல்லூரிகளில் நடந்த பல ஆய்வுகள் இந்த இழையைப் பயன்படுத்தியிருக்கின்றன.

ஈரத்தில் ஒட்டுவது எப்படி?

ஈறுப் பையில் மருந்தைச் செருகுவதற்கு ஒரு இடமாவது இருக்கிறது. கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், உதட்டின் உள்பக்கம் இங்கெல்லாம் வரும் புண்களுக்கு அந்த வசதி கிடையாது. எச்சில் ஓடும் திறந்த பரப்பில், வழுக்கும் கோழைமேல் பொருள் ஒட்டியாக வேண்டும்.

பல பேருக்குத் தெரிந்த எளிய உதாரணம், வாய்ப்புண்ணுக்கு டாக்டர்கள் எழுதித் தரும் ‘கெனாகார்ட்’ வாய்ப் பசை. மருந்து டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு, அளவு 0.1 சதவீதம். சாதாரணத் தோல் ஆயின்ட்மென்ட்டிலிருந்து இதை வேறுபடுத்துவது அதன் அடிப்பசைதான். ஜெலட்டின், பெக்டின், கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் மூன்றையும் எண்ணெய்ப் பசையில் கலந்திருப்பார்கள். ஈரம் பட்டதும் இவை நீரை உறிஞ்சி உப்பி ஒட்டும் தன்மை பெறுகின்றன. இதைப் போடும் முறையைப் பலர் அறிவதில்லை. தோலில் தேய்ப்பதுபோல் தேய்த்தால் பசை மணல்மணலாக உதிர்ந்துவிடும். விரல் நுனியில் சிறிதளவு எடுத்து, புண்மேல் மெல்ல ஒற்றி அழுத்தினால் வழவழப்பான படலமாகப் பற்றிக்கொள்ளும். படுக்கப் போகும்முன் போடுவது நல்லது. தூக்கத்தில் எச்சில் சுரப்பு மிகவும் குறைந்துவிடுவதால் மருந்து நெடுநேரம் தங்கும்.

அடுத்த பெரிய அடியை எடுத்தவர்கள் ஜப்பானியர்கள். டோக்கியோ ஹோஷி பல்கலைக்கழகத்தின் சுனேஜி நாகாய் குழுவினரின் ஆய்விலிருந்து 1980களின் தொடக்கத்தில் ‘அஃப்டாக்’ என்ற சின்னஞ்சிறு மாத்திரை வந்தது. இரண்டு அடுக்குகள். புண்ணைத் தொடும் அடுக்கில் கார்போபோல், ஹைட்ராக்சிபுரோப்பில் செல்லுலோஸ் என்ற இரு பாலிமர்களும் ஸ்டீராய்டும். மேலே ஒரு காப்பு அடுக்கு. மருந்து எச்சிலில் வீணாகாமல் புண்ணை நோக்கி மட்டுமே போக வேண்டும் என்பது இதன் தத்துவம். இன்றைய ஒட்டுப்பட்டைகள் பலவும் அந்த இரண்டடுக்கு யோசனையையே பின்பற்றுகின்றன.

ஒட்டுதலின் வேதியியல் இப்படி: வாயின் உட்பரப்பைப் போர்த்தியிருக்கும் கோழையில் மியூசின் என்ற நீண்ட புரத இழைகள் உள்ளன. அவற்றில் தொங்கும் சர்க்கரைக் கிளைகளில் சியாலிக் அமிலம் இருப்பதால் மொத்தத்தில் எதிர்மின்னூட்டம் கொண்டவை. இறால், நண்டு ஓடுகளிலிருந்து பிரித்தெடுக்கும் கைட்டோசான் நேர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கும். ஈர்ப்போடு நிற்காமல் பாலிமர் சங்கிலிகள் மியூசின் இழைகளுக்குள் ஊடுருவிப் பின்னிக்கொண்டால் பிடி உறுதியாகும். ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் பெர்ன்காப்-ஷ்னூர்ச் பாலிமர்களில் கந்தகத் தொகுதிகளைச் சேர்த்து, மியூசினில் உள்ள கந்தகத்தோடு நேரடி வேதிப் பிணைப்பே உண்டாகும்படி செய்தார். கடற்பாறையில் அலை அடித்தாலும் பிடிவிடாத கடல்மட்டிகள் சுரக்கும் பசைப் புரதங்களைப் படித்த ஆய்வாளர்கள், அவற்றிலுள்ள கேட்டகால் என்ற வேதித் தொகுதியே ஈரத்திலும் ஒட்டக் காரணம் என்று அறிந்து, அதைச் செயற்கைக் கூழ்களில் பொருத்தி வருகிறார்கள்.

எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் ஒரு வரம்பு உண்டு. கோழைப் படலம் சில மணி நேரத்தில் புதுப்பிக்கப்படுகிறது. அதனடியிலுள்ள செல்களும் சில நாட்களில் உதிர்ந்துவிடுகின்றன. எனவே ஈறுப் பையில் பேசும் கணக்கு நாள்கள் என்றால், கன்னத்தில் பேசும் கணக்கு மணிகள்.

அந்த மணிக்கணக்கை நன்றாகப் பயன்படுத்தியது பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐரோப்பிய நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கிய ஒட்டுப்பட்டை. வாயில் வெள்ளை வலைப்பின்னல் கோடுகளும் எரியும் புண்களுமாக ஆண்டுக்கணக்கில் வதைக்கும் லைக்கன் பிளானஸ் என்ற அழற்சி நோய்க்காக இது உருவானது. காரமும் புளிப்பும் பட்டாலே கண்ணில் நீர் வரவைக்கும் நோய் அது. பாலிமர் கரைசலை உயர் மின்னழுத்தத்தில் இழுத்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய நார்களாக்கி, அவற்றைத் துணிபோல் படியவைக்கிறார்கள். நார்களுக்குள் குளோபீட்டசால் என்ற வீரியமிக்க ஸ்டீராய்டு இருக்கிறது. முதுகுப்புறத்தில் நீர் புகாத பாலிகாப்ரோலாக்டோன் அடுக்கு. 138 நோயாளிகளிடம் நடந்து 2022ல் வெளியான இரண்டாம் கட்டப் பரிசோதனையில், 20 மைக்ரோகிராம் மருந்துள்ள பட்டையை நாளுக்கு இரண்டு முறை நான்கு வாரம் ஒட்டியவர்களுக்கு, மருந்தில்லாப் பட்டை ஒட்டியவர்களைவிடப் புண்ணின் பரப்பு அதிகம் குறைந்தது. இருபது மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு.

புற்றுநோய்க்காகத் தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெறுவோர்க்கு இத்தகைய பொருட்கள் இன்னும் அவசியம். சிகிச்சையின் இரண்டாம், மூன்றாம் வாரத்திலேயே வாய் முழுக்கப் புண்ணாகி, தண்ணீர் விழுங்குவதும் நரகமாகிவிடும். வலி தாங்காமல் சிகிச்சையை நடுவில் நிறுத்துவோரும் உண்டு. புண்களின்மேல் காப்புப் படலம் அமைக்கும் ஒட்டுக் கூழ்கள் இப்போதே புழக்கத்தில் உள்ளன. படலத்தோடு வலிநிவாரணியையும் அழற்சி அடக்கியையும் சேர்த்துத் தரும் பொருட்களில் ஆய்வு நடக்கிறது. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் இருப்பதால், இந்த ஆய்வில் நமக்கு இருக்கும் அக்கறை மற்ற நாட்டாரைவிடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும்.

கிருமியைக் கொன்றால் போதுமா?

இதுவரை பார்த்த ஈறு மருந்துகள் எல்லாம் கிருமியைக் குறிவைத்தவை. ஆனால் ஈறு நோயில் எலும்பைக் கரைப்பது பெரும்பாலும் கிருமி அல்ல, கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட நம் உடல்தான். வெள்ளணுக்கள் சுரக்கும் கொலாஜினேஸ் என்ற நொதி ஈறின் கொலாஜனையே வெட்டித் தள்ளுகிறது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லார்ன் கோலப் 1983ல் வெளியிட்ட ஆய்வு இதில் திருப்புமுனை. நீரிழிவு உண்டாக்கிய எலிகளுக்கு மினோசைக்ளின் கொடுத்தபோது இந்த நொதியின் ஆட்டம் அடங்கியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளிலும் அடங்கியது. அப்படியானால் அந்த மருந்துக்குக் கிருமியைக் கொல்வதைத் தாண்டி இன்னொரு குணமும் இருக்கிறது. கிருமியைக் கொல்லப் போதாத அளவில், 20 மில்லிகிராம் டாக்சிசைக்ளினை நாளுக்கு இரண்டு வேளை தரும் சிகிச்சை இதிலிருந்து பிறந்து 1998ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இந்தக் கண்டுபிடிப்பு உயிரிப்பொருள் ஆய்வாளர்களுக்கு ஒரு புதிய சாவியைக் கொடுத்தது. அழற்சி முற்றும்போது பெருகும் நொதியே வெட்டக்கூடிய சிறு புரதத் துண்டுகளைக் கூழின் வலைக்கண்களில் பின்னிவிட்டால், நோய் சீறும்போது கூழ் தானே திறந்து மருந்தைத் தரும், நோய் தணிந்தால் மூடியபடி இருக்கும். ஈறுப் பையின் அமிலத்தன்மைக்கு ஏற்பத் திறக்கும் கூழ்களும் உருவாகின்றன. இவை பெரும்பாலும் ஆய்வகத்திலும் விலங்குகளிலும் சோதிக்கப்படும் நிலையில் இருக்கின்றன.

அழற்சியை அடக்குவதற்கும் அதை முறையாக முடித்துவைப்பதற்கும் வேறுபாடு உண்டு. உடல் தன் போரைத் தானே நிறுத்திக்கொள்ளும் சமிக்ஞைகளை வைத்திருக்கிறது. ஹார்வர்டின் சார்லஸ் செர்ஹான், மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பிலிருந்து உடல் தயாரிக்கும் ‘ரிசால்வின்’ மூலக்கூறுகளை இனம்கண்டார். அவற்றில் ஒன்றை ஈறு நோயுள்ள முயல்களுக்குத் தடவியபோது அழற்சி ஓய்ந்ததோடு இழந்த எலும்பும் மீண்டது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் லிட்டில் குழு 2013ல் இன்னொரு வழியைக் காட்டியது. நாம் முன்பு பார்த்த அதே பி.எல்.ஜி.ஏ. உருண்டைகளில், அழற்சியைக் கட்டுப்படுத்தும் டி-செல்களை வரவழைக்கும் சிசிஎல்22 என்ற புரதத்தைப் பொதிந்து, எலிகள், நாய்களின் ஈறில் வைத்தார்கள். அமைதிப்படுத்தும் செல்கள் அங்கே வந்து சேர்ந்தன, எலும்பு இழப்பு குறைந்தது. கிருமியைக் கொல்லும் நஞ்சு அதில் துளியும் இல்லை. ஆன்டிபயாடிக்குகளுக்குக் கிருமிகள் பழகிவரும் இக்காலத்தில் இந்த வழிதான் அதிக நம்பிக்கை தருகிறது.

பலன் எவ்வளவு?

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015ல் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துக் கணக்கிட்டது. காரையையும் வேர்ப்பரப்பையும் சுத்தம் செய்வதால் மட்டும் ஈறு பல்லோடு மீண்டும் பற்றும் அளவு சராசரியாக அரை மில்லிமீட்டர். அதோடு குளோர்ஹெக்சிடின் சில்லும் வைத்தால் கூடுதலாக 0.40 மில்லிமீட்டர். டாக்சிசைக்ளின் கூழ் 0.64, மினோசைக்ளின் உருண்டைகள் 0.24. பார்வைக்கு இவை சின்ன எண்கள். ஆடும் பல்லுக்கும் நிற்கும் பல்லுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்னும்போது, அரை மில்லிமீட்டரை அலட்சியப்படுத்த முடியாது. ஆனாலும் இந்தக் கணக்கு ஒரு உண்மையை அழுத்திச் சொல்கிறது. ஸ்கேலிங் செய்து வேரைச் சுத்தப்படுத்துவதே அடிப்படைச் சிகிச்சை. மருந்துப் பொருள் அதற்குத் துணை மட்டுமே. காரையின்மேல் சில்லு வைத்துப் பயனில்லை. சுத்தம் செய்த பின்னும் அடங்காத சில ஆழமான பைகளுக்கே இவை ஏற்றவை.

விலையும் ஒரு தடை. வெளிநாட்டுத் தயாரிப்புகளைப் பையொன்றுக்கு ஒன்று எனக் கணக்கிட்டால் சாதாரண மனிதரால் தாங்க முடியாது. ஆனால் மூலப்பொருட்களைப் பாருங்கள்: கொலாஜன், ஜெலட்டின், இறால் ஓட்டுக் கைட்டோசான். இவை எல்லாம் நம் தோல் தொழிலும் கடற்கரையும் தரக்கூடியவை. சென்னையின் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜனை மருத்துவப் பொருளாக்கும் ஆய்வில் நீண்டகால அனுபவம் கொண்டது. மலிவான, தரமான வாய்மருந்துப் பட்டைகளும் சில்லுகளும் இங்கேயே உருவாக வேண்டும். அதற்கான அறிவும் பொருளும் நம்மிடம் இருக்கின்றன. அரசு பல் மருத்துவமனைகளின் மருந்துப் பட்டியலில் இவை இடம்பெறும் நாள் விரைவில் வர வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் பிரஷ்ஷை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஈறைக் காட்டுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் அதைக் கட்டுக்குள் வைத்திருங்கள், ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று மோசமாக்கும். பாக்கு, புகையிலையை விடுங்கள். அவை ஆற்ற முடியாத சேதத்தைச் செய்யும்போது எந்தப் பட்டையாலும் ஈடுகொடுக்க முடியாது. முக்கியமாக ஒன்று: இரண்டு வாரத்துக்கும் மேல் ஆறாத வாய்ப்புண் எதுவானாலும், மருந்துக் கடையில் வாங்கிய ஸ்டீராய்டு பசையை அதன்மேல் தடவிக்கொண்டே இருக்காதீர்கள். எரிச்சல் அடங்கும், அடியில் இருப்பது புற்றுநோயானால் அது வளர்ந்துகொண்டே இருக்கும். உடனே பல் மருத்துவரிடம் சென்று சோதித்துக்கொள்ளுங்கள்.